அந்தோனியாரின் பியூஸ்

அண்ணன் கிறிஸ்ரி ரொறன்ரோவில் இருந்து எதை அனுப்பினாலும் அது கடைசியில் என் தலையில்தான் விடியும். பிரஷர் பார்க்கும் மெஷின் அனுப்பினான். அதைக் கட்டிப் பார்க்க ஆள் நான். கொழும்பு வெயிலுக்கு மம்மிக்குக் கம்பளிப் போர்வை அனுப்பினான். அதை மடித்து அலுமாரியில் ஒளித்து வைத்ததும் நான். இந்த வருஷம் தெரிந்த ஒருவரின் கையில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி வந்து சேர்ந்தது. காரின் முன் கண்ணாடியில் ஒட்டிவிட்டால் றோட்டில் நடப்பதையெல்லாம் படம் பிடிக்கும் கமரா. கூடவே ஒரு கட்டு வயர். லைற்றர் ஓட்டையில் சும்மா செருகக் கூடாதாம், பியூஸ் பெட்டியில் இருந்து கரண்ட் எடுத்து முறையாகப் பூட்ட வேண்டுமாம். அதற்கென்று நீளமாய் ஒரு வொய்ஸ் மெசேஜ் வேறு. அங்கே இருந்துகொண்டு சொல்வதற்கு என்ன குறை?

கமரா எனக்கல்ல, டடாவுக்கு. கொட்டாஞ்சேனையில் டடாவும் மம்மியும் தனியாக இருக்கிறார்கள். டடா ஹியூபேட், துறைமுகத்தில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்தைந்து தாண்டிவிட்டது. மம்மி றோஸிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் டயலிசிஸ். மூன்று நாளும் ஜப்பானில் இருந்து வந்த தன் பழைய சின்னக் காரில் டடாதான் அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வருவார். போன வருஷக் கடைசியில் யாரோ ஒருவரின் வான் வண்டிக்குப் பின்னால் முட்டி லைற்றை உடைத்துவிட்டார். அன்றிலிருந்து அண்ணனுக்கு நித்திரை இல்லை.

"டடாவிட்ட இருந்து கார்த் திறப்ப வாங்கு சாமினி. அவர் இனி ஓட்டக் கூடாது."

"வாங்கலாம். மம்மிய ஆர் கொண்டு போறது?"

"ஒரு ஓட்டோ பிடிக்கலாம் தானே?"

டயலிசிஸ் முடிந்து வரும்போது மம்மிக்குப் பிரஷர் இறங்கிவிடும். ஓட்டோ ஒரு குழியில் விழுந்து எழும்பினால் போதும், மடியில் வாந்தி எடுப்பார். போனில் கூப்பிடும் கார்க்காரர்களோ எங்கள் லேனின் பெயரைப் பார்த்ததும் கான்சல் பண்ணிவிடுவார்கள். மிச்சம் நான். வெள்ளவத்தையில் இருக்கிறேன், கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியின் கணக்குப் பிரிவில் வேலை. கணவர் தனஞ்சயனுக்கு வவுனியாவில் வேலை, சனிக்கிழமைகளில்தான் வருவார். மகள் தாரிகாவுக்கு இந்த வருஷம் ஓ.எல். பரீட்சை. எனக்கு லைசன்ஸ் இருக்கிறது, லீவுதான் இல்லை. மம்மி முதலில் நோயில் விழுந்தபோது எடுத்த லீவுக்கே மனேஜர் இன்னும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

ஆகவே டடா ஓட்ட வேண்டும் என்று நான் விரும்பினேன். அவரது மரியாதைக்காக என்று அண்ணனிடம் சொன்னேன். உண்மை என்னவென்றால், எனக்குக் களைப்பு. இன்னொரு பொறுப்பைத் தூக்க என்னிடம் கை இல்லை.

கமராதான் சமரசம். ஒவ்வொரு ஞாயிறும் நான் கொட்டாஞ்சேனைக்குப் போகும்போது படங்களைப் போனில் ஏற்றி அண்ணனுக்கு அனுப்ப வேண்டும். டடா ஓட்டுவதைப் பார்த்து, ஓட்டலாமா வேண்டாமா என்று அவன் முடிவு சொல்வான். டடாவிடம் இது இன்ஷூரன்ஸுக்கு நல்லது என்று சொல்லியிருந்தோம். நம்பினாரா தெரியாது. தலையை மட்டும் ஆட்டினார்.

பூட்டுவதற்குக் கொம்பனித்தெருவில் இருந்து நப்ரீஸ் வந்தான். எங்கள் ஒஃபிஸ் வாகனங்களுக்கு வயரிங் செய்பவன், வேலை சுத்தம், வாய் ஓயாது. ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்து பியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினான். மூடி முழுக்க ஜப்பான் எழுத்து. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் மடியில் போட்டான். டெஸ்ட் லைற்றை எடுத்து ஒவ்வொரு பியூஸாகத் தொட்டுப் பார்த்தான்.

"ரெண்டு கரண்ட் வேணும் மெடம். திறப்பப் போட்டா மட்டும் வாறது ஒண்டு. அதுல சிவப்பு வயர். திறப்ப எடுத்தாலும் நிக்காம வந்துட்டே ஈக்கிறது ஒண்டு. அதுல மஞ்ச வயர்."

"மஞ்சள் என்னத்துக்கு?"

"கார நிப்பாட்டி ஈக்கச்செல யாராச்சும் கிட்ட வந்தா, தானா முழிச்சிப் படம் புடிக்கும். கள்ளன் கிள்ளன் வந்தா தெரியும் தானே."

டடா அப்போது நப்ரீஸுக்கு டீ கொண்டுவர உள்ளே போயிருந்தார். அவர் திரும்பி வந்தபோது நப்ரீஸ் கீழே இருந்து ஒரு சத்தம் போட்டான்.

"அல்லாஹ்! அங்கிள், இத யாரு செஞ்ச? வயர பியூஸ் கால்ல சுத்தி வச்சீக்கிறீங்க. கார் பத்திக்கும்!"

"நான்தான் செய்தனான். இவ்வளவு காலம் பத்தேல்லயே" என்றார் டடா.

அது அந்தோனியாரின் வயர். டாஷ்போர்ட்டின் நடுவில் விரலளவு அந்தோனியார் சுரூபம் ஒன்று இருக்கிறது. அவர் காலடியில் மணி போல ஒரு சிவப்பு பல்ப். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஆட்களின் வீடுகளில் திருவிருதயப் படத்துக்குக் கீழே எரியும் சிவப்பு பல்ப்பை யாரும் அணைப்பதில்லை. கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு ஃபேனை நிறுத்துவார்கள், டீவியை நிறுத்துவார்கள், அதில் மட்டும் கை வைக்க மாட்டார்கள். மம்மிக்கு டயலிசிஸ் தொடங்கிய வாரம் டடா அதே சட்டத்தைக் காருக்கும் கொண்டுவந்துவிட்டார். திறப்பை எடுத்தாலும் எரிய வேண்டும் என்பதற்காக, நிக்காமல் கரண்ட் வருகிற பியூஸ் எது என்று தேடிப் பிடித்துத் தன் கையாலேயே வயரைச் சுற்றியிருக்கிறார்.

"இதத் திறப்புக் கரண்டுக்கு மாத்துவம் அங்கிள். கமராவுக்கு இந்த பியூஸ்தான் வசதி. மத்தது எல்லாம் ஹோர்ன், டோர் லொக்."

"தம்பி, அந்தோனியார் திறப்போட அணையிறவர் இல்ல."

"பற்றரி இறங்கும் அங்கிள்."

"இறங்கினா ஏத்துவம்."

நப்ரீஸ் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். கடைசியில் சுற்றியிருந்த வயரை வெட்டி எறிந்துவிட்டு, முறையான பியூஸ் பிடி ஒன்றைச் செருகி, அந்தோனியாரையும் கமராவின் மஞ்சள் வயரையும் அதிலேயே ஒன்றாகப் பூட்டினான். கறுப்பு வயரை ஒரு போல்ட்டில் இறுக்கினான். டடாவுக்கு இன்னும் இரண்டு கேள்வி இருந்தது.

"சத்தத்தையும் பிடிக்குமோ இது?"

"புடிக்கும் அங்கிள்."

"அத நிப்பாட்டு. மம்மி காரில செபமாலை சொல்றவ. ஊருலகம் முழுக்கக் கேக்கத் தேவையில்ல." பிறகு சும்மா கேட்பவரைப் போல, "திறப்ப எடுத்தா இதுவும் நிண்டிரும்தானே?"

நப்ரீஸின் வாயில் டோர்ச் இருந்தது. "ஸ்க்ரீன் ஓஃப் ஆகும் அங்கிள்" என்று அதைக் கடித்துக்கொண்டே சொன்னான்.

டடா திறப்பை எடுத்துப் பார்த்தார். ஸ்க்ரீன் அணைந்தது. அந்தோனியார் மட்டும் எரிந்துகொண்டிருந்தார். திருப்தியோடு டீக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனார். நான் போனில் தாரிகாவின் டியூஷன் மாஸ்டரோடு நேரம் மாற்றுவது பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தக் கேள்வி ஒரு கேள்வியாகவே படவில்லை.

அதன் பிறகு வந்த வாரங்கள் நன்றாகவே போயின. ஞாயிறுகளில் படங்களை ஏற்றினேன், அனுப்பினேன். அண்ணன் வாயைப் பிளந்தான். "டடா என்ன சூப்பரா ஓட்டுறார்! ஆமர் வீதிச் சந்தியில அந்த பஸ்ஸ வெட்டின வெட்டப் பாத்தியா? நானே இப்பிடி ஓட்ட மாட்டன். நீதான் சும்மா பயப்பிடுத்திப் போட்டாய்." பயப்படுத்தியது நானாம். பரவாயில்லை. நானும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு அந்தப் படங்களைப் பார்த்தேன். கார் கொன்ரெய்னர் லொறிகளுக்கு நடுவே நேராகப் போனது, குழிகளைக் கண்டு மெதுவாகியது. மம்மியின் உடம்பு குலுங்காமல் போகிறது என்று நினைக்க எனக்கு நெஞ்சு நிறைந்தது.

ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் டடா எனக்கு ஒரு கோல் எடுப்பார். எப்போதும் ஒரே வசனம்தான். "போயிற்று வந்திட்டன். ஒரு பிரச்சினையும் இல்ல. நீ வேலையப் பார் மகள்." நான் "சரி டடா" என்று வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது டடா கேற்றடியில் கொதித்துக்கொண்டு நின்றார். காரின் இடப்பக்கக் கதவில் நீளமாய் ஒரு கீறல்.

"பார் மகள், ஆரோ ஒருத்தன் கீறிப்போட்டுப் போயிருக்கிறான். நேற்று ஆஸ்பத்திரியில நிப்பாட்டி இருக்கேக்கதான். ஒரு மனுஷத்தன்மை இல்லாத சனம்."

"கமராவில இருக்கும் டடா, பாப்பம்."

"நிப்பாட்டினா அது வேலை செய்யாது தானே. விடு" என்றார். பூசைக்கு நேரமாகிவிட்டது. சேட்டின் கையை இறக்கிப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு கோயிலுக்கு நடந்தார்.

மம்மி அறையில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். நான் காருக்குள் போய் கமராவின் கார்ட்டைக் கழற்றிப் போனில் போட்டுக்கொண்டு முன் ஹோலில் உட்கார்ந்தேன். நப்ரீஸின் மஞ்சள் வயர் எனக்கு நினைவிருந்தது. கார் ஓடும்போது பிடித்த படங்கள் ஒரு பக்கம், நிற்கும்போது பிடித்தவை வேறு பக்கம். அந்த மற்றப் பக்கத்தை நான் ஒருநாளும் திறந்ததில்லை. அண்ணன் கேட்டது ஓட்டும் படங்களை மட்டும்தான்.

பொனற்றில் ஒரு காகம். லேன் பொடியன்களின் கிரிக்கெட் பந்து. பக்கத்து வீட்டு ஸைனம்பு ராத்தா காரின் கண்ணாடியில் தன் முக்காட்டைச் சரி செய்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த படத்தில் எங்கள் லேன் முடிந்து திரும்புகிற சந்தி, ஓட்டோ ஸ்ராண்டின் பக்கத்து மதில். கார் நிற்கிறது. டடா வலப்பக்கத்தால் இறங்கி, கையால் பொனற்றைப் பிடித்துப் பிடித்து காரின் முன்னால் நடந்து வருகிறார். எதிர்ப் பக்கத்தில் இருந்து ஹெக்டர் வருகிறார்.

ஹெக்டர் அந்த ஸ்ராண்டில் ஓட்டோ ஓட்டுபவர். முன்பு ஒருகொடவத்தையில் கொன்ரெய்னர் லொறி ஓட்டியவர். காரின் நடுவில் இரண்டு பேரும் சந்தித்தார்கள். டடா திறப்பை ஹெக்டரின் கையில் வைத்தார். ஹெக்டர் அவர் முழங்கையைப் பிடித்து இடப்பக்கக் கதவு வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். கதவைத் திறக்க முன்னர் டடா குனிந்து முன் கண்ணாடிக்குள் பார்த்து, நெற்றியில் இருந்து நெஞ்சுக்குச் சிலுவை அடையாளம் போட்டார். அவர் பார்த்தது அந்தோனியாரை. கமரா இருந்ததும் அதே திசையில்தான். சத்தமில்லாத அந்தப் படத்தில் டடா நேராக என் முகத்தைப் பார்த்துக் கும்பிட்டது போல இருந்தது.

அடுத்ததும் அப்படித்தான். அதற்கு அடுத்ததும். போகும்போது சந்தியில் மாறினார்கள், வரும்போது அதே சந்தியில் திரும்ப மாறினார்கள். லேனில் உள்ள சனம் முழுக்க எனக்கு ரிப்போட் கொடுக்கும் என்று டடாவுக்குத் தெரியும். அதனால் கேற்றில் இருந்து சந்தி வரைக்கும் அவரே ஓட்டியிருக்கிறார். திறப்பை எடுத்துவிட்டால் கமரா குருடு என்று நினைத்துத்தான் அங்கே இறங்கியிருக்கிறார். மற்றபடி நானும் அண்ணனும் பார்த்துப் பார்த்துப் பூரித்த ஓட்டம் எல்லாம் ஹெக்டரின் ஓட்டம்.

அந்தோனியார் காணாமற்போனதை எல்லாம் கண்டுபிடித்துக் கொடுப்பார் என்று சின்ன வயதில் டடாதான் எனக்குச் சொல்லித் தந்தார். அந்தோனியாரின் பியூஸில் இருந்து கரண்ட் எடுத்தால் இப்படித்தான் ஆகும்.

எனக்கு முதலில் வந்தது கோபம். ஒரு குடும்பமாகச் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கிறார்கள். டடா கோயிலால் வந்து செருப்பைக் கழற்ற முன்னரே போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கதிரையில் மெதுவாக உட்கார்ந்தார்.

"திறப்ப எடுத்தா நிண்டிரும் எண்டுதானே அந்தப் பெடியன் சொன்னவன்" என்றார்.

"ஸ்க்ரீன் நிக்கும் எண்டுதான் சொன்னவன். எப்ப இருந்து டடா இது?"

"அந்த வான் லைற் உடைஞ்சது..." என்று தொடங்கி நிறுத்தினார். "அதுக்குப் பிறகு ஒருநாள் கொச்சிக்கடைப் பக்கம் ஒரு பொம்பிளப் பிள்ள றோட்டக் கடந்தது. நான் காணேல்ல மகள். உண்மையா நான் காணேல்ல. மம்மி கத்தினதாலதான் பிரேக் அடிச்சனான். அந்தப் பிள்ள பொனற்றில கை வச்சுக்கொண்டு என்னைப் பாத்தது. அடுத்த நாள் ஹெக்டரிட்ட கேட்டனான்."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா நீ வந்திருப்பாய்."

"வருவன்தானே!"

"அதுக்குத்தான் சொல்லேல்ல" என்றார் டடா.

அறைக்குள் இருந்து மம்மியின் குரல் கேட்டது. "அவர ஏசாத. நான்தான் சொல்ல வேண்டாம் எண்டனான். அந்த மனேஜரிட்ட லீவு கேட்டு நீ அழுதது எனக்குத் தெரியாதே? போன காதில வச்சுக்கொண்டு குசினிக்குள்ள நிண்டு அழுதனீ."

நான் அழுதது யாருக்கும் தெரியாது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். கோபம் இறங்கிய இடத்தில் ஒரு நிம்மதி வந்தது. மம்மியை ஹெக்டர் கவனமாகக் கொண்டு போகிறார், நான் லீவு எடுக்கத் தேவையில்லை என்ற நிம்மதி. அது வந்ததற்காக எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

"சரி. இனி ஒளிச்சு விளையாட வேண்டாம். ஹெக்டர் கேற்றடிக்கே வந்து எடுக்கட்டும்" என்றேன்.

டடா மேசை விரிப்பின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார். "கேற்றில இருந்து சந்தி மட்டும் நான் ஓட்டுறன் மகள். அவ்வளவு போதும் எனக்கு. அதுக்குமேல கேக்க மாட்டன்."

துறைமுகத்தில் கப்பல்காரர்களோடு வாய்ச்சண்டை போட்ட மனிதர், என்னிடம் எங்கள் லேனைக் கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறலாம் என்றுதான் எனக்கும் இருந்தது. ஆனால் அந்தக் கீறல் இருந்தது. அவரைக் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போனேன். கதவின் கீறலுக்குள் ஒட்டியிருந்த நிறத்தை நகத்தால் சுரண்டிக் காட்டினேன். பச்சை. எங்கள் கேற்றுத் தூணின் பச்சை. தூணிலும் அதே உயரத்தில் பெயின்ற் உரிந்திருந்தது.

"ஆஸ்பத்திரியில ஒருத்தரும் கீறேல்ல டடா."

குனிந்து தூணைத் தடவிப் பார்த்தார். பிறகு கதவை. திரும்பவும் தூணை.

"எனக்குத் தெரியவே இல்லையே" என்றார்.

"லேனில பிள்ளையள் விளையாடுறவை."

"ஓம்."

உள்ளே போனதும் டடா திறப்பைக் கொண்டுவந்து என் கைப்பைக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவில்லை. "ஹெக்டரிட்ட நீயே குடு. நான் குடுத்தா அவன் என்னை ஓட்டச் சொல்லிப் போடுவான்" என்றார்.

போகும் வழியில் ஸ்ராண்டில் ஹெக்டரிடம் திறப்பைக் கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். "அய்யாவுக்கு ஏசினீங்களா, மிஸ்?" என்று மட்டும் கேட்டார். அண்ணனுக்கு பஸ்ஸில் இருந்தபடியே அந்தச் சந்திப் படத்தை அனுப்பினேன். வழக்கமாக உடனே வொய்ஸ் மெசேஜ் போடுபவன் அன்று மட்டும், "இப்ப நாங்க என்ன செய்றது?" என்று எழுதினான். இதற்கு அனுப்ப அவனிடமும் ஒரு மெஷின் இல்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒஃபிஸில் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது டடாவின் கோல் வந்தது.

"போயிற்று வந்திட்டம். ஹெக்டர்தான் ஓட்டினவன். நான் பக்கத்தில இருந்தனான்."

"லேனில பாத்தவையா டடா?"

"எல்லாரும் பாத்தவை. ஸைனம்பு கேட்டா, என்ன ஹியூபேட் அய்யா, ட்ரைவர் வச்சிட்டீங்களா எண்டு. ஓம் எண்டனான். வேறென்ன சொல்றது?" இருமினார். "மம்மி சாப்பிட்டவ. ஒரு பிரச்சினையும் இல்ல. நீ வேலையப் பார் மகள்."

இத்தனை நாளும் போனை வைப்பதற்காகத்தான் அதைச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். நான் வேலையைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் அவர் அந்தச் சந்தியில் இறங்கி, பொனற்றைப் பிடித்துப் பிடித்து நடந்திருக்கிறார். முன்னால் இருந்த ஸ்க்ரீனில் இலக்கங்கள் எல்லாம் கலங்கித் தெரிந்தன. "சரி டடா" என்றேன். கண்ணைத் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.